குடும்ப மருத்துவச் செலவு: எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

மருத்துவச் செலவைக் குறைத்தே ஆக வேண்டும் என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது, கண்ணெதிரே தெரியும் சிறு செலவுகளில்தான். மருத்துவரைப் பார்க்கச் செல்வது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகிறது. தினமும் சாப்பிட வேண்டிய இரத்த அழுத்த மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாகிறது. அதே குடும்பம், தள்ளுபடியில் கிடைக்கிறது என்பதற்காகவே பல பத்துச் சோதனைகள் அடங்கிய முழு உடல் பரிசோதனைக்குத் தயங்காமல் பணம் கட்டுகிறது. நல்ல நோக்கத்துடன் செய்யப்படும் இந்தச் சிக்கனம் தவறான இடத்தில் செய்யப்படுவதால், பணமும் மிஞ்சுவதில்லை, உடல்நலமும் மிஞ்சுவதில்லை.

குடும்பத்தின் மருத்துவச் செலவை இரண்டாகப் பிரித்துப் பார்க்காமல் எந்த வழி சிறந்தது என்று ஒப்பிட முடியாது. ஒன்று, மாதந்தோறும் வருவது: நீண்டகால நோய்களுக்கான மாத்திரைகள், வழக்கமான சோதனைகள், மருத்துவர் கட்டணம். இவற்றை ஓராண்டுக்கு முன்பே ஏறக்குறையக் கணக்கிட்டுவிடலாம். மற்றொன்று, எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாதது: விபத்து, அறுவை சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவில் கழியும் நாட்கள். குடும்பத்தின் மொத்தச் செலவில் 10 விழுக்காட்டுக்கு மேல் சொந்தப் பணத்திலிருந்து மருத்துவத்துக்குப் போனால் அதைப் பெருஞ்சுமை என்று கொள்வது, ஐக்கிய நாடுகள் சபையின் நிலையான வளர்ச்சி இலக்குகளைக் கண்காணிப்பதில் நெடுங்காலம் பயன்பட்டுவந்த அளவுகோல். 25 விழுக்காடு என்பது அதைவிடக் கடுமையான எல்லை. முதல்வகைச் செலவு மெல்ல மெல்லத் திரண்டு அந்த எல்லையைத் தொடக்கூடும். இரண்டாம் வகை ஒரே வாரத்தில் அதைத் தாண்டிவிடும். ஒன்றுக்குப் பொருந்தும் வழி மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் போவதைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, சோதனைகளைத் தேர்ந்து செய்வது, காப்பீடு, சொந்தச் சேமிப்பு ஆகிய வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

போவதையே குறைத்துக்கொள்ளும் வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். இது எவ்வளவு நம்பகமானது என்பதற்குக் கிடைத்துள்ள மிக வலுவான சான்று, 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் நடத்திய மருத்துவக் காப்பீட்டு ஆய்வு. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு எல்லாச் சிகிச்சையையும் இலவசமாகக் கொடுத்தார்கள். மற்றவர்கள் செலவில் 25, 50 அல்லது 95 விழுக்காட்டை, ஆண்டுக்கு ஓர் உச்சவரம்பு வரை, தாங்களே செலுத்த வேண்டியிருந்தது. பணம் கொடுக்க வேண்டியிருந்தவர்கள் மருத்துவ வசதிகளைக் கணிசமாகக் குறைவாகவே பயன்படுத்தினார்கள் என்பதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் எதைக் குறைத்தார்கள் என்று பார்த்தபோது, தேவையற்ற சிகிச்சையைக் குறைத்த அதே அளவுக்குத் தேவையான சிகிச்சையையும் குறைத்திருந்தார்கள். சராசரி மனிதரின் உடல்நலத்தில் இதனால் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஏழைகளாகவும் ஏற்கெனவே நோயாளிகளாகவும் இருந்தவர்களிடமோ, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு போன்றவற்றில் இலவசச் சிகிச்சை பெற்றவர்களே நல்ல நிலையில் இருந்தார்கள்.

இதிலிருந்து பெற வேண்டிய பாடம் தெளிவானது. எந்தச் சிகிச்சை தேவை, எது தேவையில்லை என்று நோயாளியால் தனியாகப் பிரித்தறிய முடிவதில்லை; ஆகவே பொத்தாம்பொதுவாகக் குறைப்பது கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதாகவே முடியும். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் சராசரியாகப் பாதிப்பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் எழுதியது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் விடாமல் சாப்பிடும் பழைய, மலிவான மாத்திரைகள் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் சிறுநீரகச் செயலிழப்பையும் தள்ளிப்போடுபவை. அந்த மாத்திரைகளில் மிச்சம் பிடிப்பது, இரண்டாம் வகைப் பெருஞ்செலவை நாமே வரவழைத்துக்கொள்வதாகும். சாதாரணச் சளி, மூக்கொழுகல் போன்ற தானாகவே சரியாகும் தொல்லைகளுக்கு மட்டும் இந்த வழியை ஏற்கலாம். அவை பெரும்பாலும் வைரஸால் வருபவை என்பதால் ஆன்டிபயாட்டிக் வாங்குவது பணத்துக்கும் கேடு, உடலுக்கும் கேடு. நெஞ்சுவலி, முகம் ஒருபக்கம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் சிக்கனம் என்ற பேச்சே எழக் கூடாது.

மருந்தை நிறுத்தாமல் மருந்தின் விலையைக் குறைப்பதுதான், என் கணிப்பில், மாதச் செலவைக் குறைக்கும் வழிகளில் முதலிடம் பெறத் தக்கது. காப்புரிமைக் காலம் முடிந்த மருந்தை, அதே மூலப்பொருளை அதே அளவில் கொண்டு பிற நிறுவனங்கள் தயாரிப்பதே ஜெனரிக். அது மலிவாக இருப்பதற்குக் காரணம் மட்டமான சரக்கு என்பதன்று. பெரிய அளவிலான மருத்துவ ஆய்வுகளைத் தயாரிப்பாளர் மறுபடி நடத்த வேண்டியதில்லை என்பதும், பலர் போட்டியிடுகிறார்கள் என்பதும்தான். அதற்குப் பதிலாக, தன் மாத்திரை மூல மாத்திரையைப் போலவே இரத்தத்தில் கலக்கிறது என்று அவர் நிரூபிக்க வேண்டும். இரத்தத்தில் மருந்தின் உச்ச அளவும் மொத்த அளவும் மூல மருந்துடன் ஒப்பிடும் விகிதம், அதன் 90 விழுக்காடு நம்பக இடைவெளியோடு (உண்மையான விகிதம் எந்த வரம்புக்குள் இருக்கக்கூடும் என்ற கணிப்போடு) சேர்த்து, 80 விழுக்காட்டுக்கும் 125 விழுக்காட்டுக்கும் இடையில் அடங்க வேண்டும் என்பது பரவலாக உள்ள விதி. ஜெனரிக்கில் 20 விழுக்காடு வரை மருந்து குறைவாக இருக்கலாம் என்பதாக இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நம்பக இடைவெளி முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டுமானால், சராசரி வேறுபாடு மிகச் சிறியதாக இருந்தாக வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு 1996 முதல் 2007 வரை அளிக்கப்பட்ட 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உச்ச அளவில் சராசரி வேறுபாடு ஏறத்தாழ 4 விழுக்காடாகவும் மொத்த அளவில் அதைவிடச் சற்றுக் குறைவாகவுமே இருந்தது.

இருந்தாலும் எல்லா மருந்துக்கும் ஒரே விடை சொல்ல முடியாது. தைராய்டுக்கான லெவோதைராக்சின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், மனநலச் சிகிச்சையில் பயன்படும் லித்தியம் ஆகியவற்றில், பலன் தரும் அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி குறுகலானது. இவற்றில் விலை மலிவைத் தேடி மாதத்துக்கு ஒரு கம்பெனிக்குத் தாவுவதைவிட, பிராண்டோ ஜெனரிக்கோ ஒரே தயாரிப்பிலேயே நிலைத்திருப்பது முக்கியம். மாற்றியே ஆக வேண்டுமென்றால் மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு மாற்றி, உரிய சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். தைராய்டு மாத்திரையை மாற்றினால் 6 முதல் 8 வாரங்களில் டிஎஸ்ஹெச் என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்து பார்ப்பது வழக்கம். மற்றொரு ஆபத்து எளிமையானது, ஆனால் வீட்டில் முதியவர்கள் இருந்தால் உண்மையிலேயே நிகழக்கூடியது: நிறமும் வடிவமும் மாறியதால் புது மாத்திரையை வேறு மருந்தென்று நினைத்து, பழைய பிராண்டையும் புதிய ஜெனரிக்கையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயரையும் எழுதி, மருந்துப் பெட்டியின் மேல் ஒட்டிவைத்தால் இதைத் தவிர்க்கலாம். தரக் கட்டுப்பாடு வலுவாக இல்லாத இடங்களில், உரிமம் பெற்ற கடையில், தொகுப்பு எண் குறிப்பிட்ட ரசீதுடன் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிராண்டா ஜெனரிக்கா என்ற கேள்வியில் நின்றுவிடுபவர்கள் அதைவிடப் பெரிய கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்: இந்தப் புதிய மருந்தேதான் வேண்டுமா, இதே வேலையைச் செய்யும் பழைய மருந்து உண்டா? 2002-இல் முடிவுகள் வெளியான ஆல்ஹாட் ஆய்வில், 33,000-க்கும் மேற்பட்ட இரத்த அழுத்த நோயாளிகளிடம், ஏறத்தாழ நாற்பதாண்டுப் பழமை வாய்ந்த குளோர்தாலிடோன் என்ற மலிவான மாத்திரை அன்றைய புதிய மருந்துகளான அம்லோடிபின், லிசினோபிரில் ஆகியவற்றோடு ஒப்பிடப்பட்டது. மாரடைப்பையும் இதய நோய் மரணத்தையும் தடுப்பதில் புதியவை பழையதை வெல்லவில்லை. புதிய மருந்துகள் எல்லாம் வீண் என்பதல்ல இதன் பொருள். “இதைவிட மலிவான, இதே பலன் தரும் மருந்து எனக்குப் பொருந்துமா?” என்று மருத்துவரிடம் கேட்பது அவருடைய அறிவைச் சந்தேகிப்பதாகாது, நோயாளியின் பண நிலை தெரிந்தால்தான் அவராலும் தொடர்ந்து சாப்பிடக்கூடிய மருந்தை எழுத முடியும். இரண்டு பழைய மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துப் புதுப்பெயரில் விற்பவை, தனித்தனியாக வாங்குவதைவிட விலை கூடுதலாக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளலாம். மாத்திரையை உடைத்துப் பாதியாக்கி மிச்சம் பிடிப்பவர்கள், நடுவில் கோடு உள்ளவற்றை மட்டும், அதுவும் மருந்தாளுநரைக் கேட்டே உடைக்க வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவற்றை உடைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலில் கலந்துவிடக்கூடும்.

சோதனைகளுக்கு வருவோம். முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு ஒருபக்கம், வயதுக்கும் குடும்ப நோய் வரலாற்றுக்கும் ஏற்பத் தேர்ந்தெடுத்த சில சோதனைகள் மறுபக்கம் என்று வைத்து ஒப்பிட்டால், நான் தயக்கமின்றி இரண்டாவதையே சொல்வேன். நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களுக்கான பொதுப் பரிசோதனைகளைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் புதுப்பித்த மதிப்பாய்வு, இரண்டரை இலட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு, மொத்த மரணங்களையும் புற்றுநோய் மரணங்களையும் அவை குறைப்பதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தது. அதில் அடங்கிய ஆய்வுகள் பல பழமையானவை என்பது உண்மையே. ஆயினும் தொகுப்புகளை விற்பவர்கள் தரும் உறுதிமொழிக்கும் இந்த முடிவுக்கும் உள்ள தூரம் மிக அதிகம்.

தொகுப்பு ஏன் செலவை மேலும் வளர்க்கிறது என்பதற்குக் கணக்கே பதில் சொல்கிறது. ஆய்வக அறிக்கையில் காணும் இயல்பு அளவு என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும் வரம்பு. அப்படியானால் எந்த நோயும் இல்லாத 100 பேரில் 5 பேரின் முடிவு அந்த வரம்புக்கு வெளியே விழும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை ஒரே நாளில் செய்துகொள்ளும் முழு ஆரோக்கியமான ஒருவருக்கு, குறைந்தது ஒன்றாவது இயல்பு மீறி வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. தடித்த எழுத்தில் அச்சிடப்பட்ட அந்த ஓர் எண்ணைத் தொடர்ந்து மறுசோதனையும் ஸ்கேனும் நிபுணரைப் பார்ப்பதும் உறக்கமற்ற இரவுகளும் வருகின்றன. இதற்கு மாறாக, இரத்த அழுத்தம் பார்ப்பதும், உரிய வயதில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் பெருங்குடல் புற்றுநோய்க்குமான பரிசோதனை செய்வதும், தடுப்பூசிகளை விடாமல் போட்டுக்கொள்வதும் பலன் நிறுவப்பட்டவை. இவற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சில நாட்களாக முதுகுவலி என்றால், கால் மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை, காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு போன்ற அபாய அறிகுறிகள் இல்லாதவரை முதல் 6 வாரங்களுக்குள் ஸ்கேன் தேவையில்லை என்பது, தேவையற்ற சிகிச்சைகளைக் குறைக்க அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2012-இல் தொடங்கிய இயக்கத்தின் பரிந்துரைகளில் ஒன்று.

வீட்டில் வாங்கி வைக்கும் கருவிகளிலும் இதே பாகுபாடு தேவை. மேற்கையில் கட்டும் வகையிலான, துல்லியம் சரிபார்க்கப்பட்ட இரத்த அழுத்தக் கருவி பணத்துக்குப் பழுதில்லாதது. மருத்துவரைக் கண்டதும் பதற்றத்தில் அழுத்தம் ஏறுபவர்களுக்குத் தேவையற்ற மருந்து எழுதப்படுவதை அது தடுக்கும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் எடுக்கும் வீட்டு அளவுகளில் 135/85 என்பதே உயர் அழுத்தத்தின் எல்லை, மருத்துவமனையில் கொள்ளும் 140/90 அன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவி அப்படியன்று. இன்சுலின் போடுபவர்களுக்கு அது இன்றியமையாதது. இரண்டாம் வகை நீரிழிவுக்கு மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டு நிலையாக இருப்பவர்கள் தினமும் விரலைக் குத்திப் பார்ப்பதால், ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் பெரிய முன்னேற்றம் கிடைப்பதில்லை. அவர்கள் மருத்துவரைக் கேட்டு, ஸ்ட்ரிப்புக்கான செலவைப் பெருமளவு குறைத்துக்கொள்ளலாம். தாழ்நிலைச் சர்க்கரையை உண்டாக்கக்கூடிய மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் இதற்கு விலக்கு.

இனி, எல்லாவற்றிலும் கடினமான தேர்வு: இரண்டாம் வகைச் செலவுக்குக் காப்பீடா, சொந்தச் சேமிப்பா? “கட்டிய பிரீமியம் திரும்ப வருவதில்லை, அதையே வங்கியில் போட்டால் நம் பணமாகவே இருக்கும்” என்ற வாதம் காதுக்கு நியாயமாகப் படும். சிறு செலவுகளைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் சேமிப்பு நிதி வளர ஆண்டுகள் பிடிக்கும். பெருநோய் முதல் ஆண்டிலேயே வரலாம். பத்தாண்டுச் சேமிப்பும்கூட ஒரு நீண்ட தீவிர சிகிச்சைக்குப் போதாமல் போகலாம். எனவே குடும்பத்தைக் கடனில் தள்ளக்கூடிய அளவுக்குப் பெரிய செலவுக்குக் காப்பீடும், தாங்கக்கூடிய அளவுக்குச் சேமிப்பும் என்று எல்லை பிரிப்பதே அறிவுடைமை. பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963-லேயே இதை நிறுவியிருக்கிறார்: பிரீமியம் எதிர்பார்க்கப்படும் இழப்பீட்டை மட்டுமே பொறுத்து அமையுமானால், இடரை விரும்பாத ஒருவருக்கு உகந்த திட்டம், ஒரு குறிப்பிட்ட தொகை வரை தானே ஏற்று, அதற்கு மேல் முழுவதையும் காப்பீடு ஏற்பதாகும்.

டிடக்டிபிள் எனப்படும் அந்தத் தொகையை எவ்வளவாக வைத்துக்கொள்வது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. இரண்டு திட்டங்களின் டிடக்டிபிள் வேறுபாட்டை அவற்றின் ஆண்டுப் பிரீமிய வேறுபாட்டால் வகுத்துப் பாருங்கள். விடை 5 என்று வந்தால், ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைக்கும் குறைவாகவே டிடக்டிபிளைத் தாண்டும் செலவு வரக்கூடிய குடும்பத்துக்கு உயர்ந்த டிடக்டிபிள் கொண்ட மலிவான திட்டமே ஏற்றது. விடை 1-க்கும் குறைவாக வந்தால், மற்ற அம்சங்கள் ஒன்றாக இருக்கும்பட்சத்தில், குறைந்த டிடக்டிபிள் கொண்ட திட்டம் எந்த நிலையிலும் நட்டமே. நோய் வந்தாலும் நட்டம், வராவிட்டாலும் நட்டம். இப்படிப்பட்ட திட்டத்தை யாரும் எடுக்கமாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் ஊழியர்களைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வில், பெரும்பான்மையினர் அத்தகைய திட்டங்களையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதனால் கூடுதலாகப் போன பணம், அவர்கள் கட்டிய பிரீமியத்தில் 24 விழுக்காட்டுக்குச் சமமாக இருந்தது. டிடக்டிபிள் என்ற சொல்லின் மீதுள்ள அச்சம் அவர்களை வகுத்துப் பார்க்கவிடவில்லை என்றே நினைக்கிறேன்.

உண்மையில் அஞ்ச வேண்டியது கோ-பே. டிடக்டிபிள் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. பில்லில் 20 விழுக்காட்டை நோயாளி செலுத்த வேண்டும் என்பது போன்ற கோ-பே நிபந்தனைக்கு உச்சவரம்பு இல்லையென்றால் எல்லையே இல்லை. பில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக நம் பங்கும் வளரும். காப்பீடு எடுப்பதே பெரிய பில்லுக்காக என்னும்போது, அந்தப் பெரிய பில்லில்தான் இத்தகைய திட்டம் கைவிடுகிறது. அறை வாடகைக்கும் குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கும் தனித்தனி உச்சவரம்பு வைக்கும் திட்டங்களும் இவ்வாறே. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், ஏற்கப்படாத சிகிச்சைகளின் பட்டியல், பணம் கட்டாமல் சிகிச்சை பெறக்கூடிய மருத்துவமனைகள் எவை என்பன பிரீமியத்துக்கு முன்பே பார்க்க வேண்டியவை. இருக்கும் நோயை மறைத்துப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கிளெய்ம் மறுக்கப்படும் நாளில் அந்த யோசனை சொன்னவர் உடன் நிற்கமாட்டார்.

உயர்ந்த டிடக்டிபிளைத் தேர்ந்தெடுப்பவருக்கு ஒரு கடமை உண்டு. ஓராண்டு டிடக்டிபிள் முழுவதும், அதோடு சில மாத மருந்துச் செலவும், உடனே எடுக்கக்கூடிய தனிக் கணக்கில் இருந்தாக வேண்டும். அந்த நிதி இல்லாமல் மலிவுத் திட்டத்தை மட்டும் எடுப்பவர்கள், ராண்ட் ஆய்வில் கண்டதுபோல், தேவையான சிகிச்சையையும் தள்ளிப்போடுவார்கள். ஆகவே முதலில் குறைந்த டிடக்டிபிளில் தொடங்கி, நிதியைச் சேர்த்து முடித்தபின் உயர்ந்த டிடக்டிபிளுக்கு மாறுவதே பாதுகாப்பான வரிசை. மாறும்போது காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்குமா என்று கேட்டுவிட்டே கையொப்பமிட வேண்டும்.

மருத்துவமனையில் சேர்ந்தபின் குறைக்கக்கூடியது சொற்பம். சேர்வதற்கு முன்புதான் இடம் இருக்கிறது. அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். இரண்டு இடங்களில், பொருத்தப்படும் உபகரணத்தின் விலையும் அடங்கிய மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். வீடு திரும்பும்போது மொத்தத் தொகையை மட்டும் காட்டும் பில்லை ஏற்காமல், ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டும் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

மேலே சொன்ன தேர்வுகள் தலைகீழாகும் குடும்பங்களும் உண்டு. ஆண்டுதோறும் மருத்துவமனையில் சேர வேண்டிய நோயாளி இருக்கும் வீட்டில் டிடக்டிபிள் ஒவ்வோர் ஆண்டும் தீர்ந்துவிடும் என்பதால், அங்கே குறைந்த டிடக்டிபிளும் கூடுதல் பிரீமியமுமே கணக்குக்குச் சரிவரும். தரமான பொது மருத்துவம் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் வாழ்பவர்கள், காப்பீட்டுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் பெரும்பகுதியைப் பல், கண், செவி, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கான ஊதியம் போன்ற, பொது மருத்துவம் பெரும்பாலும் முழுமையாக ஏற்காத செலவுகளுக்குச் சேமிப்பாக வைக்கலாம். வயதின் காரணமாகவோ நோயின் காரணமாகவோ காப்பீடு மறுக்கப்படும் பெற்றோர் உள்ள வீட்டில், தேர்வு என்பதே இல்லாமல் சேமிப்பு ஒன்றுதான் வழி. அவர்களுக்கென்று தனி நிதியை இன்றே தொடங்கி, அதை மற்றவர்களின் நிதியோடு கலக்காமல் வைப்பதும், மலிவான மாத்திரைகளை ஒருநாளும் விடாமல் அவர்களைச் சாப்பிட வைப்பதும் பிள்ளைகளின் பொறுப்பு.